கையை வைக்காதே

சனிக்கிழமை ஏரியில் மீன்பிடி சீசன் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை காலையிலேயே ஆர்வில் டோலெஃப்சனின் தூண்டில் கடையில் வரிசை நின்றது. லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் போட்டால் அபராதம். லைசென்ஸை அடித்துக் கொடுக்க வேண்டிய கம்ப்யூட்டரோ, ராத்திரி தானாகவே புது சிஸ்டத்துக்கு மாறிக்கொண்டு, இப்போது நீலத்திரை காட்டிச் செத்துச் செத்து எழுந்துகொண்டிருந்தது.

நன்றாக ஓடுகிற சாமானைக் கேட்காமல் மாற்றிக் கெடுப்பதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

"லைசென்ஸ் தருவியா, இல்ல எதிர்க்கடைக்கு நடையக் கட்டவா?" என்றாள் முன்னால் நின்ற பெவ்.

"போயேன். அவன் விக்கிற புழு உன்னவிட சோம்பேறி."

சொல்லிவிட்டானே தவிர, ஆர்வில் எதிர்க்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். கையிருப்பை எல்லாம் போட்டுப் பின்கொட்டகை நிறையப் படகு மோட்டார்களை வாங்கி அடுக்கியிருந்தான். லைசென்ஸுக்கு எதிர்க்கடைக்குப் போகிறவன் மோட்டாரையும் அங்கேதான் வாங்குவான்.

அப்போதுதான் தோளில் பையோடு கிளின்ட் நுழைந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். புது சிஸ்டம் வந்ததிலிருந்து கடை கடையாக இதே வேலைதானாம்.

ஆர்வில், பெற்ற மகளையே கல்லாப்பக்கம் விடாதவன். கூப்பிடாமல் வந்தவனை விடுவானா? அடையாள அட்டையை எட்ட நின்றபடியே முன்னும் பின்னும் காட்டச் சொன்னான். பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னான்.

"ரெண்டு கையும் பாக்கெட்ல இருக்கணும். எதுலயும் கையை வைக்காதே. நீ வாயால சொல்லு, நான் செய்யறேன். ரிப்பேர்னு வந்து பாஸ்வேர்டைச் சுருட்டிட்டுப் போற கதையெல்லாம் எனக்குத் தெரியும்."

"உங்க கடை, உங்க இஷ்டம் சார்," என்று கிளின்ட் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். "பிரிண்டரோ கேமராவோ, ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டரோட பேச வைக்க ஒரு குட்டி புரோகிராம் இருக்கு. டிரைவர்னு பேரு. சிஸ்டம் புதுசு, டிரைவர் பழசு. ஒத்துப்போகாத ஏதோ ஒண்ணு மெஷினையே சாய்க்குது. ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பாருங்க."

ஆர்வில் பிரிண்டரைப் பிடுங்கினான். நீலத்திரை. ஸ்கேனரைப் பிடுங்கினான். மறுபடி நீலத்திரை.

"அந்தக் கறுப்பு வயர்?"

"கொட்டகை கேமரா. கதவு அலாரமும் அதுலதான்."

அதையும் பிடுங்கினான். கம்ப்யூட்டர் விழவில்லை.

"உடனே நம்பிடாதீங்க சார். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமப் பாருங்க. விழாம நின்னா, கேமராவோட டிரைவர்தான் குற்றவாளி."

"உன்னையும் சேர்த்துத்தான் பார்ப்பேன்."

பார்த்தான். ஒரு கண் திரையில், ஒரு கண் கிளின்டின் பாக்கெட்டில்.

"என்ன ஆர்வில், அடைகாக்கிறியா? குஞ்சு எப்ப வரும்?" என்றாள் பெவ். வரிசை சிரித்தது. ஆர்வில் திரும்பவே இல்லை.

கம்ப்யூட்டர் கல்லுக்குண்டாக நின்றது. கிளின்ட் சொல்லச் சொல்ல ஆர்விலே பழைய டிரைவரை அழித்தான். கேமரா கம்பெனி இணையத்தில் போட்டிருந்த புதியதை இறக்கினான்.

"முதல்ல லைசென்ஸ் வேலையை முடிங்க. வயரை அப்புறம் சொருகலாம். காசா? வேலை பூரா நீங்கதானே சார் செஞ்சீங்க!" என்று சிரித்துவிட்டுக் கிளின்ட் பையைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினான்.

"பார்த்தியா பெவ்? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தா எந்தப் பயலும் ஏமாத்த முடியாது."

வரிசை கரைந்ததும் ஆர்வில் கறுப்பு வயரைச் சொருகினான். நீலத்திரை வரவில்லை. கொட்டகை பளிச்சென்று தெரிந்தது. ஒரு மோட்டார்கூட இல்லை.

ஷெரிஃப் ஆபீசிலிருந்து போலீஸ்காரி ஜனெல் வந்தாள். "கொட்டகையில தூக்கினவங்க கையுறை போட்டிருக்காங்க. உங்களை இங்க உட்கார வெச்சவன் வெறுங்கைதானே? அவன் ரேகை ஒண்ணே ஒண்ணு சிக்கினாப் போதும், ஆளைப் பிடிச்சிடலாம்," என்று சொல்லி, கீபோர்டு, மவுஸ், கறுப்பு வயர் என்று ஒன்றுவிடாமல் பொடி தூவினாள்.

எல்லாவற்றிலும் அழுத்தந்திருத்தமாகப் பதிந்திருந்தது, ஆர்விலின் ரேகை மட்டும்தான்.