மாமனாரின் ஓட்டு

மாலை ஐந்து மணிக்கு இரண்டு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. ஒன்று மருமகளுடையது. மற்றது மாமனாருடையது, அடுப்படி மேடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

குடியிருப்புச் சங்கத்தின் ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது. வாட்ச்மேன் இருக்கட்டும் என்று முப்பத்தொரு பேர். வேண்டாம், தானியங்கிக் கதவே போதும் என்று முப்பது பேர்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மூன்று நாளாகச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

மாமனார் நாற்பது வருடம் கொத்தனார். விரல் ரேகையை சிமென்ட் தின்றுவிட்டது. சங்கத்தின் டிஜிட்டல் அடையாள அட்டைக்குப் பதியும்போது எத்தனை முறை அழுத்தியும் ஏற்கவில்லை. தொல்லை விட்டது என்று அவர் கைப்பேசியில் தன் விரலையே பதிந்துவிட்டாள்.

ஆகவே அவர் ஓட்டும் அவள் விரலால்தான்.

"வாட்ச்மேன் இருக்கட்டும்னு போட்டுடும்மா. எனக்குப் பேச்சுத்துணைக்கு அவன் ஒருத்தன்தான்" என்றார்.

அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் 'வேண்டாம்' என்பதை அமுக்கினாள்.

காரணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. குப்பைப் பையைப் படிக்கட்டில் வைத்ததற்கு அந்த வாட்ச்மேன் நாலு பேர் முன்னால் அவளைக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் போய் ஒருவர் பிழைப்பில் கைவைத்தாள். கண்ணாடி இல்லாமல் மாமனாருக்கு எழுத்து தெரியாது என்ற தைரியம் வேறு.

போகட்டும், பாவம் பலிக்கவில்லை. நிம்மதியாகச் சார்ஜரைப் பிடுங்கியவள், அவர் திரையில் முடிவுக்குக் கீழே கிடந்த பழைய செய்தியைப் பார்த்தாள்.

'நீங்கள் சங்க அலுவலகத்துக்கு நேரில் வந்து அளித்த ஓட்டு ஏற்கப்பட்டது. முந்தைய ஓட்டு ரத்து.'

மூன்று நாளுக்கு முந்தைய தேதி. அவள் அமுக்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

எழுத்து தெரியாதுதான். ஆனால் 'இருக்கட்டும்' பச்சைப் பொத்தான், 'வேண்டாம்' சிவப்பு. நிறம் பார்க்கக் கண்ணாடி எதற்கு?

மூன்று நாளும் அவள் போட்ட சோற்றை முகம் கோணாமல் சாப்பிட்டிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். மாமனார் உள்ளே வந்தார். பின்னால் வாட்ச்மேன், வாயெல்லாம் பல்லாக.

"ஒரே ஒரு ஓட்டுல பொழச்சிட்டான்மா" என்றார் மாமனார். "அந்த ஒரு ஓட்டைப் போட்டது எங்க மருமகதான்னு இவன்கிட்ட சொன்னேன்."

வாட்ச்மேன் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.