பத்து எண்ணும் வரை

பெண் பார்க்க வந்திருந்த பையனின் அம்மா ருக்மிணி கழிவறைக்குள் போய் ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் தண்ணீர் விழும் சத்தத்தைக் காணோம்.

கைப்பிடியை அழுத்தும் 'கடக்' மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'கடக்'.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மல்லேஸ்வரத்தில் எங்களுடையது பழைய வீடு, கூடத்தை ஒட்டியே கழிவறை. உள்ளே நடப்பது கூடத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் கேட்கும். பையன் ஸ்ரீஹர்ஷா பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பெண் சுப்ரியா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி, காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் இவரால் வந்த வினை.

ரிடையர் ஆனதிலிருந்து இவருக்கு அந்த ஃப்ளஷ் டேங்க்தான் ஆபீஸ். மூடியைத் திறந்து, மிதக்கும் பந்தைத் தாங்குகிற பித்தளைக் கம்பியைக் கீழ்நோக்கி வளைத்து, தண்ணீர் மட்டத்தை ஒரு அங்குலம் இறக்கினார். தினமும் இரண்டு குடம் மிச்சமாம். மட்டம் இறங்கியதும் சும்மா அழுத்தினால் தண்ணீர் வேகமாக வரவில்லை. கைப்பிடியை முதலில் மேலே தூக்கி, பிறகு கீழே அழுத்தி, விடாமல் பத்து எண்ண வேண்டும். இந்த வீட்டு மனிதர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை அது. போன மாதம், புரட்டாசியில், இன்னும் அரை அங்குலம் இறக்கினார். அதிலிருந்து பதினைந்து.

"இன்னிக்கு ஒருநாளாவது மட்டத்தை ஏத்தி வைங்கோளேன்" என்று காலையில் கெஞ்சினேன். ஏற்றினார். கம்பியை ரொம்பவே வளைத்துவிட்டாரா, டேங்க் நிரம்பியும் தண்ணீர் நிற்காமல் ஓரக் குழாய் வழியாக வெளிச்சுவரில் கொட்ட ஆரம்பித்தது. இவருக்கு மனசு தாங்குமா? அடுத்த நிமிடமே பழைய மட்டத்துக்கு இறக்கிவிட்டார். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று நான் உள்ளே நிரப்பி வைத்திருந்த வாளித் தண்ணீரையும் சுவரை அலம்பக் கொட்டிவிட்டு, காலி வாளியைத் திருப்பி வைத்துவிட்டார்.

பிடித்தால் பிடித்ததுதான் இவருக்கு. தம்பி சேஷகிரி தன் பெண்ணுக்குக் காதல் கல்யாணம் செய்துவைத்தார் என்று ஏழு வருஷமாக அவருடன் பேச்சு கிடையாது. தீபாவளிக்குத் தீபாவளி டெலிபோனை எடுத்துத் தம்பி வீட்டு நம்பரைச் சுழற்றுவார். மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவார்.

சுப்ரியாவுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. வந்த வரனையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக் கழித்தவள், தரகர் கொண்டுவந்த இந்த ஜாதகத்துக்கு மட்டும் "சரிம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் வேண்டாத தெய்வம் இல்லை. இதையும் ஒரு டேங்க் வந்து கெடுக்க வேண்டுமா?

மறுபடி 'கடக்'. உள்ளே காலி வாளி உருண்டது.

எழுந்து சமையலறை வரை போய்த் திரும்பினேன். சம்பந்தியாகப் போகிறவளிடம், முன்பின் பார்க்காதவளிடம், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு 'மேலே தூக்குங்கோ' என்று எப்படிச் சொல்வது? அவள் வெளியே வந்து யார் முகத்தையும் பார்க்காமல் "கிளம்பலாமா?" என்று பிள்ளையிடம் கேட்பது என் காதில் இப்போதே விழுந்தது.

ஸ்ரீஹர்ஷா நாற்காலியில் நெளிந்தான். கதவைப் பார்த்தான். அம்மாவின் அவஸ்தை பொறுக்கவில்லை போலிருக்கிறது, சட்டென்று குரல் கொடுத்தான்.

"அம்மா, முதல்ல மேலே தூக்கு! அப்புறம் அழுத்திண்டு பத்து எண்ணு!"

சுப்ரியாவின் முகத்தில் ஈயாடவில்லை.

வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காத பையன்.

ஆடி மாதம் நானும் இவரும் குலதெய்வக் கோயிலுக்கு நாலு நாள் போயிருந்தோம். சுப்ரியாவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. திரும்பி வந்ததும் இவர் முதல் வேலையாக டேங்கைத் திறந்தார். அறுந்து தொங்கிய கொக்கி இருந்த இடத்தில், நீல ஒயரில் அழகாக ஒரு முடிச்சு. "சுப்ரியாவா கட்டினா? நன்னா கட்டியிருக்காளே" என்று ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பல்பு மாட்டத் தெரியாத பெண். எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. அடிப் பாவி!

இவருக்கு மட்டும் புரிந்துவிட்டால் இந்தச் சம்பந்தம் இதோடு சரி.

"நான்தான்... வந்ததும் நான்தான் அவர்கிட்ட சொல்லி வெச்சேன்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காவிரிப் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. பையனின் முகத்தைப் பார்த்தார். தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தார். சுப்ரியா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

உள்ளே கைப்பிடி மேலே போகும் சத்தம். அழுத்தும் சத்தம். கொஞ்சம் தண்ணீர் களகளவென்று வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

இவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பத்து போறாது" என்றார். "அது ஆடி மாசக் கணக்கு. இப்போ பதினஞ்சு. அம்மாகிட்டச் சொல்லுங்கோ, மாப்பிள்ளை."