தேனீக்களுக்குத் தகவல்

விக்டோரியா ராணி காலத்து அந்த வீட்டை ரோசலிண்டும் அவள் கணவர் டெஸ்மண்டும் சேர்ந்துதான் வாங்கினார்கள். பாதி செப்பனிடுவதற்குள் டெஸ்மண்ட் போய்விட்டார். மீதியை அவள் தனியாகச் செய்துகொண்டிருந்தாள். அன்று தோட்டச் சுவரில் மண்டிக் கிடந்த கொடியை வெட்டி இழுத்தபோது, பின்னால் வரிசையாகக் கல் மாடங்கள் தெரிந்தன.

"அந்தக் காலத்துல தேனீக்கூடை வைக்கிற மாடம்டி அது," என்றாள் பக்கத்து வீட்டு மியூரியல், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து. "டெஸ்மண்ட் போனத அதுங்ககிட்ட சொன்னியா?"

"எதுங்ககிட்ட? காலியால்ல கெடக்கு!"

"வீட்டுல ஒரு சாவுன்னா தேனீகிட்ட சொல்லியே ஆகணும். வீட்டுச் சாவியால தட்டிச் சொல்லணும். இல்லேன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிடும்."

"இல்லாதது எங்கடி போகும்?"

சொல்லிச் சிரித்தாலும், மியூரியல் உள்ளே போனதும் ரோசலிண்ட் சாவியை எடுத்து நடு மாடத்தைத் தட்டினாள். அடுத்து அவள் வாயில் வந்த சொல்லை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"டெஸ்மண்ட் செத்துட்டாரு."

மாடத்துக்குள் மெல்லிய ரீங்காரம் எழுந்தது. கையை விட்டுத் துழாவினாள். வெறும் கல்தான். ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. ரீங்காரம் மெல்ல ஒரு மெட்டாக மாறியது. பழைய பெயின்டைச் சுரண்டும்போதெல்லாம் டெஸ்மண்ட் முணுமுணுக்கும் மெட்டு. அவர் எப்போதும் தப்பாகப் பாடும் இடத்தில் அதுவும் தப்பாக ஒலித்தது.

"அங்க சுதி கீழ இறங்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் ரோசலிண்ட், பழக்க தோஷத்தில்.

சத்தம் சட்டென்று நின்றது. பிறகு முதலிலிருந்து தொடங்கியது.