தரைக்குள் போன நாற்காலி

“அங்கேயே நில்லும்மா! வாசற்படியைத் தாண்டாதே!” என்று அதிகாரி கத்தினார். மேசை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலி, பின்னங்கால் இரண்டும் மரத்தரைக்குள் இறங்கி, கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தது.

வாசலில் நின்ற பெண்ணின் கக்கத்தில், செய்தித்தாள் சுற்றிய பலகை ஒன்று இருந்தது. ‘கட்டடப் பாதுகாப்பு அலுவலகம்’ என்ற பெயரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள்.

“பலகையோடவே வந்துட்டியா, நல்லது. பொம்பளையை அனுப்புவாங்கன்னு நினைக்கல. தரை வேலை தெரியுமா?”

“கொஞ்ச நாளா எனக்கு அதே நினைப்புதான் சார். இது புதுசா போடப்போற பலகை. உங்ககிட்ட காட்டத்தான் கொண்டுவந்தேன்.”

“அதெல்லாம் அப்புறம். முதல்ல இதைப் பாரு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. ஊர்ல இருக்கிற கட்டடத்துக்கெல்லாம் சான்று குடுக்கிற இடம். வெளிய தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்.”

அவள் பலகையைத் தரையில் போட்டு, அதன் மேலேயே நடந்து நாற்காலி வரைக்கும் போனாள். மண்டியிட்டு, உடைந்த பலகையைத் தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். கையில் கொண்டுவந்திருந்த குடையின் நுனியால் அடியில் இருந்த உத்திரத்தைக் குத்தினாள். வெந்த கிழங்கில் இறங்குவது போல அது இறங்கியது.

“சார், மேல இருக்கிற பலகை மேல தப்பே இல்ல. அதைத் தாங்குற உத்திரத்தோட முனைதான் மக்கிப்போச்சு. முனை கல் சுவருக்குள்ள செருகியிருக்கு. கல்லுல ஏறுற ஈரமெல்லாம் மரத்துக்கு வந்துடுச்சு. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“எது மக்கிப்போச்சு? நீங்க சொல்லுங்க பாப்போம்.”

“உத்திரத்தோட… உத்திரத்தோட…” என்று அதிகாரி திணறினார்.

“முனை,” என்று மூலையில் ஒதுங்கி நின்ற அலுவலக எழுத்தர் எடுத்துக் கொடுத்தார்.

“நான் அவரைத்தான் கேட்டேன்,” என்றாள் அவள். எழுத்தர், ஏன் என்று தெரியாமலே, கைகளைக் கட்டிக்கொண்டார்.

“வெளிச்சுவர்ல, தரைக்குக் கீழ, காத்து போறதுக்கு ஓட்டை இருந்திருக்கணுமே?”

“இருந்துச்சு. எலி வருதுன்னு நான்தான் சிமென்ட் வச்சு அடைக்கச் சொன்னேன். மேலிடத்துல இருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்துச்சு.”

“எலி போயிடுச்சா?”

“எங்க போகும்? உள்ளேயே மாட்டிக்கிச்சு.”

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். “ஓட்டையை எல்லாம் திறக்கணும். மக்கின முனையை அறுத்துட்டு, புது மரம் சேர்த்து போல்ட் போடணும். மரமும் கல்லும் தொடாம நடுவுல தார்த்தாள் வைக்கணும். மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் அலுவலகத்தைப் பூட்டிடணும் சார்.”

“பூட்டறதா?” அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒரு தரைக்காக மொத்தக் கட்டடத்தையும் பூட்டுவாங்களா? மனசாட்சி வேணாமா? இங்க வர்றவங்கெல்லாம் எங்க போவாங்க?”

“அதானே சார், எங்க போவாங்க?” என்றாள் மெதுவாக. “ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே.”

“எனக்கே சட்டமா? இருபத்தேழாம் பிரிவு! பழுதான இடத்தைக் கயிறு கட்டித் தடுத்துட்டு, மிச்ச இடத்துல வேலையை நடத்தலாம். என் ஒரு கையெழுத்து போதும்.” எழுத்தர் பக்கம் திரும்பினார். “தற்காலிக அனுமதி ஒண்ணு அடிய்யா.”

நான்கே நிமிடத்தில் தாள் தயாரானது. அதிகாரி மேசை மேல் இருந்தபடியே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதினார். தம்முடைய அலுவலகத்தை ஆபத்தில்லாத கட்டடமாக ஆக்கிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

அவள் அதை வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். “இந்தப் பிரிவு எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்துமா சார்?”

“பொருந்தாம? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. கேக்கத்தான் ஆளில்ல. எவனாவது வந்து கேட்டுட்டா, நானே முடியாதுன்னு சொல்ல முடியாது.”

“சொல்ல முடியாது,” என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எழுத்தரிடம் திரும்பி, “நீங்களும் கேட்டீங்கள்ல?” என்றாள். அவர் வேகமாகத் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து, கருவிப்பெட்டியோடு ஒருவன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான். “மன்னிச்சுக்குங்க சார், பஸ்ஸை விட்டுட்டேன். ஏதோ தரை உடைஞ்சுபோச்சு, தச்சன் வேணும்னு போன் பண்ணினீங்களாமே?”

அதிகாரி அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மேசையிலிருந்து இறங்கப் போனவர், தரை நினைவுக்கு வந்து காலை மடக்கிக்கொண்டார்.

“அப்போ நீ… நீங்க யாரும்மா?”

“ஒரு பலகை ஆடுதுன்னு நீங்க பூட்டு போட்டீங்களே சார், அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்.”