தலைவர் குடித்த நீர்

மார்ச் 9, ஞாயிறு. கணவனை இழந்தவள் இசைக்கக் கூடாதென்று எங்கள் தெருவில் விதித்திருக்கிறார்கள், இது அநியாயம். பூரணியின் வீணையைக் கணவனின் பதினாறாம் நாளன்றே கோயில் அறையில் வைத்துப் பூட்டிவிட்டனர். இன்று பிற்பகல் அவள் அடுக்களையிலிருந்து மீண்டும் இசை எழவே, தெருத் தலைவர் சிவசிதம்பரம் எங்களையும் அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். தரையில் அரைவட்டமாகப் பீங்கான் கிண்ணங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் நீர். பூரணியின் கைகளில் இரண்டு மூங்கில் குச்சிகள்.

“என்னம்மா இதெல்லாம்?”

“தண்ணிதான் மாமா. தாகத்துக்கு வச்சிருக்கேன்.”

“அப்ப குடிச்சே தீர்த்துடறோம். ஆளுக்கு ஒண்ணு எடுங்கய்யா!”

எல்லாரும் சிரித்தோம். தலைவர் முதற்கிண்ணத்தை எடுத்து, அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, மூச்சு வாங்கக் கீழே வைத்தார். பூரணி அதைத் தட்டினாள். சுருதி சற்று உயர்ந்தும், மற்றவற்றோடு இன்னும் சேராமல் காதைக் கீறியது. தலைவரின் முகம் சுளித்தது. மீண்டும் கிண்ணத்தை எடுத்தார். இம்முறை நாவில் விழுந்தவை சில துளிகளே. வைத்தார். அவள் தட்டினாள்.

அந்த ஒலி வந்து தன் இடத்தில் அமர்ந்தபோது எங்கள் மேனி சிலிர்த்தது. கிண்ணங்களை நோக்கி நீண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

தலைவர் தரையில் அமர்ந்தார்.

“அடுத்ததுல கொஞ்சம் தண்ணி அதிகம்மா,” என்றார்.

வீணை இன்னும் பூட்டிய அறையில்தான் கிடக்கிறது. வாசகரே, ஒரு கிண்ணத்தில் நீரூற்றித் தட்டிக் கேளுங்கள். கேட்டபின் எங்கள் தெருவுக்கு வந்து, அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.