அசல் வேண்டாம்

"இது அசல் நோட்டு. எனக்கு வேண்டாம்."

வயதான ஸெல்மா அந்தப் பழைய இருபது லாட் பண நோட்டை கண்ணாடி மேஜைமேல் திருப்பி வைத்தார். இந்துலிஸ் நோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். ரீகா நகரத்தில் பழைய பண நோட்டுகளைச் சேகரிப்பவர்களுக்கு விற்கும் கடை வைத்து இத்தனை வருஷத்தில், அசல் என்ற குறை சொல்லி யாரும் சரக்கைத் திருப்பித் தந்ததில்லை.

"நல்லாப் பாருங்கம்மா. போருக்கு முன்னாடி நம்ம நாடு நம்ம நாடா இருந்தப்போ அடிச்சது. ஒரு மடிப்புகூட இல்ல. இதுல இருக்கிற பொண்ணு போட்டிருக்கிற நாட்டு உடுப்பு, சால்வை, எல்லாம் எவ்வளவு துல்லியமா இருக்கு."

"அழகாத்தான் இருக்கு. இதிலேயே கள்ள நோட்டு இருக்கா?"

பின்னால் கறுப்பு ரொட்டியில் சீஸ் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா ஔஸ்மாவின் கத்தி நின்றது.

"இந்தக் கடையில அந்தப் பேச்சே கிடையாது," என்றான் இந்துலிஸ்.

"அப்ப அடுத்த வாரம் வர்றேன்."

"அடுத்த வாரமும் கிடையாது."

"பரவாயில்ல. பஸ் இருக்கு," என்று சொல்லிவிட்டு ஸெல்மா போய்விட்டார். வால்மியெரா என்ற வெளியூரிலிருந்து வருகிறவர்; முந்தின இரண்டு தடவை எல்லா நோட்டையும் பார்த்துவிட்டு மட்டும் போயிருந்தார்.

கதவு சாத்திக்கொண்டதும் ஔஸ்மா ரொட்டியை நீட்டினாள். "பாவம்டா. உள்ளே ஒண்ணு வெச்சிருக்கியே, அதைக் குடுத்துத் தொலையேன்."

"மெதுவாப் பேசு அக்கா."

"யாரு இருக்கா இங்கே? ஓடுற மோட்டார் சைக்கிளைக் குடுத்துட்டு ஓடாத நோட்டை வாங்கிட்டு வந்த. அதைக் கேட்டு ஒரு ஜீவன் வருது. இன்னொரு தடவை அமையுமா?"

"அந்தம்மா சும்மா வரல. ரைமொண்ட்ஸ் அனுப்பின ஆளு. நான் கள்ள நோட்டு வித்தேன்னு ஆயிடுச்சுன்னா நோட்டு சேகரிக்கிறவங்க சங்கச் சந்தையில என் மேஜை போச்சு. அப்புறம் அவன் ஒருத்தன்தான் இந்த ஊர்ல நோட்டு வியாபாரி."

"ரைமொண்ட்ஸுக்கு அவ்வளவு மூளை இருந்தா அவன் பொண்டாட்டி ஏன் ஓடிப்போறா?"

இந்துலிஸ் ரொட்டியைத் தின்றான். ஆனால் அன்று முழுக்க யார் உள்ளே வந்தாலும் முதலில் கையைப் பார்த்தான், காமிரா இருக்கிறதா என்று.

அடுத்த வாரம் நல்ல மழை. ஸெல்மா சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். குடையைச் சுருக்கி மூலையில் சாத்திவிட்டு, "இருக்கா?" என்றார்.

"விதைக்கிறவன் படம் போட்ட பத்து லாட் வந்திருக்கு. அசல். காட்டவா?"

"வேண்டாம்."

"நூறு லாட்ல ஒரு குடியானவக் குடும்பம்..."

"அதுவும் அசல்தானே?"

"ஆமா."

"அப்ப வேண்டாம்."

ஔஸ்மா சூடான மூலிகைத் தேநீரைக் கொண்டுவந்து ஸெல்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு தம்பியைப் பார்க்காமலே, "கீழ் அலமாரி, நீல உறை. வெச்சிருக்கான். காட்ட வெட்கப்படறான்," என்றாள்.

இந்துலிஸின் காது சிவந்தது. எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டான். 'மூடியுள்ளது' பலகையைத் தெருப்பக்கம் திருப்பினான். கீழ் அலமாரியிலிருந்து உறையை எடுத்தான்.

"பார்க்க மட்டும்தான். விக்கல. யார் அனுப்பினாலும் சரி, அவர்கிட்ட போய் இதைச் சொல்லுங்க. இந்துலிஸ் ஏமாந்து வாங்கினான், ஆனா யாரையும் ஏமாத்தி விக்கலன்னு."

"என்னை யாரும் அனுப்பல," என்றார் ஸெல்மா. தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகு நேரம் அதிலிருந்த பெண்ணின் முகத்தையே பார்த்தார்.

அந்தப் பார்வை இந்துலிஸுக்குத் தாங்கவில்லை. ஏமாந்தவன் என்ற பேர் வந்தாலும் தொழில் தெரியாதவன் என்ற பேர் வரக்கூடாது. பக்கத்தில் போய் நின்று விரலால் காட்டினான்.

"நானே இப்பக் கண்டுபிடிச்சிடுவேன். காகிதம் பரவாயில்ல, எழுத்து சுத்தம், உடுப்புகூட ஓரளவுக்குச் சரி. ஆனா முகத்துல கோட்டை விட்டுட்டான். அசல்ல இருக்கிறவ நாட்டுக்கே மகாராணி மாதிரி நிமிர்ந்திருப்பா. இவளைப் பாருங்க. கண்ணுல தூக்கம், கன்னம் ஒட்டிப்போயிருக்கு, உதட்டோரம் என்னமோ கேலி. நாட்டு உடுப்பை மாட்டிட்டா போதுமா? மாட்டுக் கொட்டகையில பால் கறந்துட்டு அப்படியே வந்து உக்காந்தவ மாதிரி இருக்கா."

ஔஸ்மா எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். "அதென்னவோ நிஜம்தான்."

ஸெல்மா நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பால் கறந்துட்டுத்தான் வந்து உக்காந்தாங்க," என்றார். "இதை அடிச்ச எங்கப்பாவுக்கு எதிர்ல ஆள் இல்லாம அச்சுத் தகட்டுல முகம் செதுக்க வராது. போர்ல வீடு எரிஞ்சதுக்கப்புறம், எங்கம்மா முகம் இருக்கிறது இந்த நோட்டுல மட்டும்தான்."