பழக்கிய பூட்ஸ்

கேமராக்களுக்கு முன்னால் கால்பந்து அணியின் கேப்டன் அழுதுவிட்டார். எதிரணிக்காரன் முழங்கையால் மூக்கை உடைத்தபோதுகூடச் சிரித்துக்கொண்டு நின்ற மனுஷன், இன்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தபடி மைக்கைப் பிடித்தார்.

"இந்த சீசன்ல நான் ஆடுற ஒவ்வொரு ஆட்டத்தோட காசும், கடைசிப் பைசா வரைக்கும், நம்ம மைதானத்துல கேலரி இடிஞ்சு செத்துப்போன அந்தப் பதினோரு தொழிலாளிங்க வழக்குக்கு. அவங்களுக்கு நியாயம் கிடைக்கணும்."

"கிளப் தர்ற மாசச் சம்பளம்?" என்று ஒரு நிருபர் வம்புக்கு இழுத்தார்.

"அது என் வீட்டுக்காரிக்கு. அதுல நானே கை வைக்க முடியாது" என்றார் கேப்டன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். நிருபர்கள் லேசில் எழுந்து நிற்கிறவர்கள் இல்லை.

கதவோரம் நின்ற மூட்டைக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அணியின் சட்டை, பூட்ஸ், பந்து எல்லாவற்றையும் கட்டிச் சுமக்கிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. செத்த பதினோரு பேரில் ஒருவர் அவன் அண்ணன்.

ஒரு மாதமாகக் கேப்டன் பின்னால் நாயாக அலைந்திருக்கிறான். "ஒரு வார்த்தை சொல்லுங்க கேப்டன், நீங்க சொன்னா ஊரே கேட்கும்" என்று கெஞ்சாத நாளில்லை. அவரும் "பார்க்கலாம் மூட்டை" என்று சொல்லாத நாளில்லை. இன்று காலை திடீரென்று அவரே கூப்பிட்டு, "பதினோரு மணிக்கு வந்து நில்லு, உன் அண்ணன் விஷயம்தான்" என்றார்.

கூடவே பூட்ஸைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். அவருக்கும் மூட்டைக்கும் ஒரே கால் அளவு. புது பூட்ஸ் வந்தால் பத்து நாள் மூட்டைதான் போட்டுக்கொண்டு ஓடுவான். கொப்புளமெல்லாம் தன் காலில் வாங்கி, தோல் இளகிய பிறகு அவரிடம் கொடுப்பான். இந்த சீசனுக்கான ஜோடியை நேற்றுத்தான் பழக்கி முடித்திருந்தான்.

"அதை நீயே வச்சுக்க மூட்டை" என்றார் கேப்டன். தங்கமான மனுஷன் என்று இவன் உருகிப்போனான்.

கூட்டம் கலைந்ததும் அண்ணிக்குப் போன் போட்டான். கேலரியைக் கட்டிய கம்பெனியின் ஆள் காலையிலிருந்து அண்ணி வீட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வழக்கை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டால் குடும்பத்துக்கு ஒரு தொகை. மதியம் ஒரு மணி தாண்டினால் அதுவும் கிடையாது.

இடிந்த காங்கிரீட்டைச் சோதித்துப் பார்க்கக்கூடக் காசில்லாமல் வக்கீல் கையை விரித்துவிட்டார். மற்றப் பத்துக் குடும்பங்களும் அண்ணி என்ன செய்கிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தன.

"டிவியில பார்த்தீங்களா அண்ணி?"

"பார்த்தேன் தம்பி. பேனா கையிலதான் இருக்கு. நெஜமாத் தருவாரா? சொல்லிட்டுப் பின்வாங்கிட மாட்டாரே? பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் விஷப்பரீட்சை பண்ண முடியாது."

"கேப்டன் சொன்னா சொன்னதுதான். அவர்கூட ஒன்பது வருஷமா இருக்கேன், எனக்குத் தெரியாதா? அந்தக் காகிதத்தைக் கிழிச்சு அவன் மூஞ்சியில வீசுங்க!"

காகிதம் கிழிவது போனிலேயே கேட்டது. அதற்கு அப்புறம் நாற்காலி தள்ளப்படும் சத்தம். எட்டு மாதத்தில் முதல்முறையாக அண்ணி சிரித்தார்.

"உங்க அண்ணன் இருந்திருந்தா உங்களைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஆடியிருப்பார் தம்பி" என்றார்.

மூட்டைக்குக் கால் தரையில் பாவவில்லை. பூட்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்கு ஓடினான். கேப்டன் பெஞ்சில் காலை நீட்டி, முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். ஆட்டக்காரனின் முழங்காலில் ஐஸ் பை இல்லாத நாள் எது? மூட்டை அதைக் கண்டுகொள்ளவில்லை.

பூட்ஸை எடுத்து அவர் காலடியில் ஜோடியாக வைத்தான்.

"இதை உனக்குத்தான் குடுத்துட்டேனே?"

"எனக்கெதுக்கு கேப்டன்? ஞாயித்துக்கிழமை முதல் ஆட்டத்துக்கு நீங்க இதைத்தான் போடணும். ஒரு ஆட்டத்துக் காசு வந்தாலே காங்கிரீட்டைச் சோதிச்சுடலாம்னு வக்கீல் சொல்லிட்டார். அண்ணியும் கம்பெனிக்காரன் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க."

கேப்டன் நிமிர்ந்தார். "கிழிச்சுட்டாங்களா?"

"சுக்குநூறா! பதினோரு குடும்பமும் இனி உங்க காலைத்தான் நம்பியிருக்கு."

கேப்டன் பூட்ஸைத் தொடவில்லை. கேமரா முன்னால் வந்த அதே அழுகை மறுபடி அவர் முகத்தில் எட்டிப்பார்த்தது.

"போறப்ப நல்ல பேரோட போகணும்னு நினைச்சேன் மூட்டை."

"எங்க போறீங்க கேப்டன்?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டு இனி ஆடவே முடியாதுன்னு டாக்டர் நேத்தே சொல்லிட்டார்டா."